பள்ளி மணி கேட்கும் தூரம்

செட்டிகுளத்தில் குன்றின்மேல் முருகன் கையிற் கரும்போடு நிற்கிறார். ஊருக்குள்ளே ஏகாம்பரேசுவரருக்கு ஒரு கோயில். பங்குனி உத்திரம் வந்தால் தேர் புறப்படுகிறது. வடம் பிடிக்க வட்டாரமே திரள்கிறது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கிச் செல்ல வேண்டிய ஊர் இது. இவ்வூர்க் கோயில் மணி, வெங்காயக் கொல்லைகளையும் பருத்திக் காடுகளையும் கடந்து நெடுந்தொலைவு கேட்கும். கேட்கட்டும். நாம் அறிய விரும்புவது வேறொன்று. இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூட மணி எந்தச் சிற்றூர் வரைக்கும் கேட்கிறது? எந்தக் குடிசைக்கு முன்னே நின்றுவிடுகிறது?

கல்வியைப் பற்றிப் பேச வந்தவர்கள் கோயிலிலிருந்து ஏன் தொடங்குகிறார்கள் என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். காரணம் இருக்கிறது. வருவாயற்ற கோயில்களில் நாளொன்றுக்கு ஒரு முறையேனும் விளக்கெரிய வேண்டும் என்பதற்காக அறநிலையத் துறை ‘ஒருகாலப் பூசைத் திட்டம்’ என ஒன்றை நடத்தி வருகிறது. 12,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் அதில் அடங்கும். அங்கெல்லாம் வணங்க வருவோர் எத்தனை பேர் என்று எவரும் தலையெண்ணிப் பார்த்ததில்லை. ‘அடியார்கள் குறைந்தனர், ஆகவே இக்கோயிலை மூடி அடுத்த ஊர்க் கோயிலோடு இணைத்துவிடலாம்’ என்று ஆணை பிறப்பித்த அமைச்சரும் இல்லை, அறிவுரை வழங்கிய அதிகாரியும் இல்லை. அர்ச்சகரும் வௌவாலும் மட்டுமே மிஞ்சினாலும் கோயில் கோயிலாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தலைக்கணக்கு! பத்துப் பிள்ளைகள்தானா, மூடலாமே! இருபதுதானா, இணைக்கலாமே! கல்லுக்கு ஒரு நீதி, கண்ணும் கருத்தும் படைத்த குழந்தைக்கு ஒரு நீதி!

‘இணைப்பு’ என்பது காதுக்கு இனிய சொல். பிரிந்தவர் கூடுவதைப் போன்ற ஒரு மயக்கம் அதில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்தச் சொல்லுக்கு அடித்தளம் போட்டது. 2016–17-இல் இந்தியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நூற்றுக்கு 28 பள்ளிகள் முப்பதுக்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்டிருந்தன என்று அது கணக்குக் காட்டுகிறது. ஓராசிரியர் பள்ளிகள் இலட்சத்துக்கும் மேல் என்கிறது. இணைப்பைக் கவனத்தோடு செய்ய வேண்டும், பிள்ளைகள் பள்ளியை அடைவதற்கு இடையூறு நேரக் கூடாது என்று ஒரு வரியையும் அக்கொள்கை சேர்த்திருக்கிறது. மறைக்காமல் சொல்கிறோம். ஆனால், அந்த வரி ஏட்டில் இருக்கிறது. நாட்டில் நடந்தது என்ன? 2025 சூன் மாதத்தில் உத்தரப் பிரதேச அரசு, ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை அண்டைப் பள்ளிகளோடு சேர்க்க ஆணையிட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் உயர்நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. ஏழு வயதுக் குழந்தை, ‘எங்கள் பள்ளியை எங்களிடமே விட்டுவிடுங்கள்’ என்று வழக்காட வேண்டிய காலம் இது! வடக்கைப் பார்த்து நகைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. தமிழ்நாட்டிலும் 2019-இல் பிள்ளைகளற்றுப்போன தொடக்கப் பள்ளிகளை நூலகமாக்கும் முடிவு எடுக்கப்பட்டது. நூலகம் நல்லதே. ஆனால் எழுத்தறிவிக்கும் இடத்தை மூடிவிட்டு, எழுத்தறிந்தோர் வந்து படிக்கும் இடத்தைத் திறப்பது என்ன கணக்கு?

இந்தக் கணக்கு புதிதன்று. நம் தாத்தாக்கள் காதால் கேட்ட கணக்கு இது.

1953-ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆச்சாரியார். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளிக்கு வெளியே. பணமில்லை, கட்டடமில்லை, ஆசிரியரில்லை. எல்லாம் உண்மைதான். அதற்கு அவர் கண்ட மருந்து என்ன? பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறை; காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் எனப் பிள்ளைகளைப் பிரி; மிஞ்சிய நேரத்தில் அவனவன் தன் அப்பன் தொழிலைக் கற்கட்டும்! குயவன் மகன் சக்கரத்தருகே, சலவைத் தொழிலாளி மகன் துறையருகே, நாவிதன் மகன் கத்தியருகே. செலவு கூடாமலேயே இரட்டைப் பங்குப் பிள்ளைகளுக்கு இடம்! சிக்கனம் என்றார் ஆச்சாரியார். குலக்கல்வி என்றார் பெரியார். திட்டத்தின் அரசாங்கப் பெயர் இன்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும். பெரியார் இட்ட பெயர்தான் நிலைத்தது.

இளைஞர்கள் இதில் மனத்திற்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மேடையில் இதனைப் பலரும் சொல்வதில்லை. அந்தத் திட்டம் நகரத்தைத் தொடவில்லை. நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பள்ளிகளுக்கு மட்டுமே அது வந்தது. மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு ஐந்து மணி நேரம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்! வர்ணாசிரமம் அன்று மனுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. மைல்கல்லைச் சுட்டிக்கொண்டு வந்தது. நகர எல்லைக் கல்லுக்கு உள்ளே பிறந்தால் மாணவன். வெளியே பிறந்தால் அரை மாணவன், அரைத் தொழிலாளி.

நாடு பொங்கியது. 1953 சூலையில் மும்முனைப் போராட்டம் வெடித்தது. அதன் ஒரு முனை, குலக்கல்வியை எதிர்த்து ஆச்சாரியார் இல்லத்தின் முன் ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் நடத்தத் திட்டமிட்ட மறியல். இன்னொரு முனை கல்லக்குடி. சூலை 15-இல் கலைஞர் கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த இடம். அன்று கல்லக்குடியும் செட்டிகுளமும் ஒரே திருச்சி மாவட்டம். சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இருபுறமும் 138 வாக்குகள் விழுந்தன. ஆளுங்கட்சியின் அடித்தளமே ஆடியது. 1954 மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து சென்னையை நோக்கிக் குலக்கல்வி எதிர்ப்புப் படை நடந்தே புறப்பட்டது. ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் குழிதோண்டிப் புதைக்கப்பட்டது.

அதே 1954 மே மாதத்தில் கடல்களுக்கு அப்பால் நடந்ததையும் இங்கே நினைவுபடுத்துகிறோம். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கருப்பருக்கு ஒரு பள்ளி என்ற முறை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்குக்குப் பெயர் தந்தது பிரௌன் என்ற குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து ஏழு தெருக்கள் தள்ளி ஒரு பள்ளி இருந்தது. அது வெள்ளையர் பள்ளி. லிண்டா என்ற அவ்வீட்டுச் சிறுமியோ, பேருந்து நிற்குமிடம் வரை நடந்து, பேருந்தேறி, ஒரு மைலுக்கு அப்பாலிருந்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவளை எவரும் கல்லால் அடித்து விரட்டவில்லை. ‘உனக்குக் கல்வி இல்லை’ என்றும் சொல்லவில்லை. ‘உனக்குரியது அதோ, தொலைவில் இருக்கிறது’ என்றார்கள், அவ்வளவுதான். ஆதிக்கக்காரனின் ஆயுதக் கிடங்கில் ஓசையே எழுப்பாத ஆயுதம் இந்தத் தொலைவு.

நம் நாட்டில் அந்த ஆயுதம் அமெரிக்காவுக்கு முன்பே தீட்டப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் இந்த மாகாணத்தில் பள்ளிக்கூடம் எங்கே நடந்தது? அக்கிரகாரத்துத் திண்ணையில் நடந்தது. கோயில் மண்டபத்தில் நடந்தது. ஊர்ச் சாவடியில் நடந்தது. சேரிப் பிள்ளை கால் வைக்கக் கூடாத இடங்களாகப் பார்த்துப் பள்ளி வைத்தார்கள். ‘பள்ளி எல்லோருக்கும் பொது, பாதைதான் பொதுவன்று’ என்றார்கள். திருவிதாங்கூரில் அய்யன்காளி இதனைக் கண்டு கொதித்தார். பள்ளியில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் எங்கள் கை படாது என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழவுத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிறுத்தினார். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துப்போனார். ஆதிக்கவாதிகள் பள்ளியையே கொளுத்தினார்கள். ஒரு சிறுமி உட்கார்ந்ததற்காக ஒரு பள்ளியை எரித்த நாட்டில், பள்ளிக்கூடம் எங்கே அமைகிறது என்பது பொறியாளர் முடிவு செய்யும் இடப்பிரச்சினை மட்டுமா?

பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தாழ்த்தப்பட்டோர் என்கிறது 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு. தமிழ்நாடு முழுமைக்கும் அந்த அளவு 20. ஊர் ஓரிடம், காலனி ஓரிடம். நடுவே ஒரு வாய்க்கால், ஒரு சுடுகாடு, ஒரு முள்காடு. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. வருவாய்த் துறைக் கணக்கில் இரண்டும் ஒரே கிராமம். ‘ஊரில் பள்ளி உண்டு’ என்று எழுதிவிடுகிறது கோப்பு. எந்தத் தெருவில் உண்டு, எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கோப்பு கேட்பதில்லை.

காமராசர் கேட்டார், அதனால்தான் அவரைப் பச்சைத்தமிழர் என்று பெரியார் போற்றினார். ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கை வைத்து, கல்வித் துறைக்கு நெ.து. சுந்தரவடிவேலுவைத் தலைமையேற்கச் செய்தார். பணமில்லை என்று ஆச்சாரியார் பள்ளி நேரத்தை வெட்டிய அதே கருவூலம்தான் காமராசரிடமும் இருந்தது. 1956-இல் மதிய உணவையும் அந்தக் கருவூலத்தை வைத்துக்கொண்டே தொடங்கினார்கள். அதற்கு முன்மாதிரி நீதிக்கட்சியுடையது. சென்னை மாநகராட்சியில் தியாகராயர் தலைமையில் 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்குச் சோறிட முடிவு செய்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். தொடங்கிய இடம் திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சி. 2022-இல் காலை உணவும் வந்தது. பள்ளிக்குள் வந்த குழந்தைக்குத் தமிழ்நாடு செய்தது போல எந்த மாநிலம் செய்தது என்று நாம் பெருமை பேசுவது பொய்யன்று. ஆனால் உணவு பள்ளிக்குள்ளே இருக்கிறது. குழந்தை பள்ளிவரை வந்து சேர வேண்டுமே!

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறையாயிற்று. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி. அந்த எல்லைக்குள் பள்ளியில்லாத குக்கிராமப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்குமிடமோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் விதி எழுதினார்கள். நல்ல விதி. அதன் ஆயுள் எவ்வளவு? பதினான்கு வயதோடு சட்டம் கையை விரித்துவிடுகிறது! எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமை. ஒன்பதாம் வகுப்பில் அது வெறும் விருப்பம். பூப்பெய்திய பெண்ணை வெளியே அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிற வயது எது? அப்பனோடு காட்டு வேலைக்குப் போகும் உடல்வலு பையனுக்கு வருகிற வயது எது? பள்ளி தொலைவாகப் போகிற அதே ஆண்டு, சட்டமும் தொலைவாகப் போகிறது. மூன்று கிலோமீட்டரில் முடிந்த வழி ஐந்தாகிறது, ஏழாகிறது. குலக்கல்வித் திட்டம் பிள்ளையின் அரை நாளை எடுத்துக்கொண்டது. இந்த ஏழு கிலோமீட்டர் முழு நாளையும் எடுத்துக்கொள்கிறது, முழு வாழ்க்கையையும் எடுத்துக்கொள்கிறது. அன்று ஆணை பிறந்தது. அதனால் அதனைக் கிழிக்க முடிந்தது. இன்று ஆணையே இல்லை. எதைக் கிழிப்பது?

‘மிதிவண்டி கொடுக்கிறார்களே’ என்பார்கள். கொடுக்கிறார்கள். 2001-க்குப் பின் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு முதலிற் கொடுத்து, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் எல்லோருக்குமாக விரித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் அந்த வண்டி எந்த வகுப்பில் வருகிறது? பதினோராம் வகுப்பில்! தொலைவு தொடங்குவதோ ஆறாம் வகுப்பில். மிரட்டத் தொடங்குவது ஒன்பதில். ஐந்தாண்டு நடந்து தேய்ந்து, நடக்க முடியாதவர் நின்றுவிட்ட பிறகு, எஞ்சியவருக்கு வண்டி. ஆற்றைக் கடந்தவனுக்குப் படகு பரிசளிப்பதை ஒத்த இந்த ஏற்பாட்டை மாற்ற ஓர் அரசாணை போதும். புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. வண்டியை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். சிறு பிள்ளைக்குச் சிறு வண்டி. அவ்வளவே.

‘பேருந்துப் பயண அட்டை இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, சட்டைப் பையில் இருக்கிறது. பேருந்து எங்கே? 1997-இல் சிற்றுந்துத் திட்டம் வந்தது, பேருந்து நுழையாத ஊர்களுக்காகவே. ஓரிடத்தில் ஓடியது, ஓரிடத்தில் இலாபமில்லையென்று நின்றது. 2025-இல் புதிய திட்டமாக மீண்டும் வந்தது. ஆனால் எந்த ஊரிலாவது பேருந்தின் நேரத்தைப் பள்ளி மணியைக் கேட்டு வகுத்தார்களா? நேர அட்டவணை பணிமனையில் பிறக்கிறது. பள்ளி மணி பள்ளியில் அடிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்து வரும் வண்டிக்காகச் சாலையோரத்தில், இருட்டில், பதினைந்து வயதுப் பெண் நிற்க வேண்டும் என்றால் அந்தப் பெண்ணின் தாய் என்ன முடிவெடுப்பாள்? அவளைப் பிற்போக்குக்காரி என்று நாம் ஏச மாட்டோம். அவள் தன் மகளைக் காக்கிறாள். படிப்பை நிறுத்துவது அவளா, பேருந்தா?

நிறுத்திய பிறகு நடப்பது ஊரறிந்தது. பதினெட்டு நிரம்புமுன் மணம் முடிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் எளிதிற் காக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாசலுக்குச் சட்டம் வருமுன் தரகர் வந்துவிடுகிறார்.

பெரம்பலூர் மாவட்டத்தில் ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேர் எழுத்தறிந்தவர். பெண்களில் 66 பேர். இதுவும் 2011-இன் கணக்கு. அரியலூரில் பெண்கள் 62. மாநிலம் முழுவதும் பெண்கள் 73. மூன்று பெண்கள் கூடினால் அவர்களில் ஒருத்திக்குக் கைநாட்டு! இந்தப் பதினேழு புள்ளி இடைவெளி அறிவின் இடைவெளியா? ஒரே தாயின் வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் மூளையில் பதினேழு புள்ளியா குறைந்தது? அண்ணன் அந்த வழியில் தனியே நடந்தான்; தங்கை நடக்கவில்லை. அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் அடியில் ஒரு சாலை கிடக்கிறது.

செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது; அரசே அங்கு வெங்காயத்துக்கென வணிக வளாகம் கட்டியது. பெரியார் எதையாவது உள்ளீடற்றது என்று தள்ள வேண்டுமானால் ‘வெங்காயம்’ என்று சொல்வார். உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பது அவர் குறிப்பு. அவர் தொண்டர்கள் நாம். ஆயினும் இந்த வெங்காயத்தை உரித்தால் உள்ளே ஒன்று இருக்கிறது. நட வேண்டும், களையெடுக்க வேண்டும், பிடுங்கித் தாளரிய வேண்டும், விலை வரும்வரை பட்டறை போட்டுக் காக்க வேண்டும். அறுவடை நாளில் ஆள் கிடைக்காது. கூலி கொடுத்து ஆள் வைத்தால் விலை வீழ்ந்த ஆண்டில் கடன்தான் மிஞ்சும். அப்போது வீட்டில் இருக்கும் சின்னக் கைகள் நினைவுக்கு வருகின்றன. ‘ஒரு வாரம்தானே’ என்கிறார் தகப்பனார். பள்ளி பக்கத்தில் இருந்தால் அந்த ஒரு வாரம் ஒரு வாரமாகவே முடியும். ஆசிரியர் வீட்டு வாசலில் வந்து நின்று, ‘என்னண்ணே, பிள்ளையைக் காணோம்’ என்று கேட்பார். பள்ளி ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? அந்த ஆசிரியருக்கு இந்த வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஒரு வாரம் ஒரு பருவமாகும், பருவம் ஆண்டாகும், ஆண்டு குலத்தொழிலாகும். ஆச்சாரியார் சட்டம் போட்டுச் செய்ய முடியாததைச் சந்தை விலையும் சாலைத் தொலைவும் சேர்ந்து செய்து முடித்துவிடும்.

‘பிள்ளைகளே வருவதில்லை, காலிக் கட்டடத்துக்கு ஆசிரியர் எதற்கு?’ என்று கேட்கும் கனவான்களுக்கும் விடை சொல்வோம். பிள்ளைகள் ஏன் குறைந்தனர்? ஒரு பகுதி, நாமே விரும்பி ஏற்ற மாற்றம்: இரண்டு பிள்ளை போதும், ஒன்று போதும் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் முடிவெடுத்தார்கள். அதற்காக அவர்கள் ஊர்ப் பள்ளியை அபராதமாகப் பிடுங்குவீரா? மறு பகுதி, விடியற்காலையில் ஊருக்குள் நுழையும் மஞ்சள் வேன். அரசுப் பேருந்து வர முடியாத சாலையில் தனியார் பள்ளி வேன் எப்படி வருகிறது என்பதை எந்த வல்லுநரும் ஆராய்வதில்லை! அந்த வேனில் ஏறும் பிள்ளைகளில் ஒரு பங்கினருக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்கீழ், அரசே கட்டணம் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அரசின் பணம் வேனேறித் தனியாரிடம் போகிறது. பிள்ளையும் வேனேறிப் போகிறது. பிறகு அரசுப் பள்ளியில் பிள்ளை இல்லை என்று கோப்பு எழுதப்படுகிறது. வேனுக்குக் கொடுக்கக் காசில்லாதவர் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அந்த மிச்சத்தின் எண்ணிக்கையைக் காட்டித்தான் இணைப்பு பேசுகிறார்கள். யாருடைய பிள்ளைகள் அந்த மிச்சம்? கூலிக்காரர் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், தந்தையை இழந்த பிள்ளைகள்.

ஓராசிரியர் பள்ளியில் தரம் இராது என்பது அடுத்த வாதம். உண்மை. ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வியன்று, கண்துடைப்பு. அப்படியானால் இரண்டாவது ஆசிரியரை அனுப்புவதுதானே முறை! நோயாளிக்கு ஒரு வேளைதான் மருந்து கிடைக்கிறது என்று முறையிட்டால், அந்த ஒரு வேளையையும் நிறுத்துகிற மருத்துவரை எங்கேனும் கண்டதுண்டா? 2021-இல் பெருந்தொற்றுக்குப் பின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்ப முடிந்தது. கல்வி குழந்தையைத் தேடி நடக்கலாம் என்பதை அரசே செய்து காட்டியது. அது நெருக்கடிக்கால ஏற்பாடு. நாம் கேட்பது நிலையான பள்ளி, முழுச் சம்பளம் பெறும் ஆசிரியர், ஊர்தோறும்.

இவ்வளவையும் தாண்டிப் படிக்கிற பிள்ளையும் இந்த மண்ணில் உண்டு. அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 2017-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கினார். மருத்துவக் கல்லூரி வாசலில் நீட் என்ற புதுச் சுவர் நின்றது. உச்சநீதிமன்றம் வரை போய்க் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அது கடைசிக் கதவில் வைத்த ஒரு சிறு சாவி. அந்தக் கதவுவரை வந்தவர்க்கு அது உதவுகிறது. ஆறாம் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில், வழியிலேயே நின்றவர்க்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. அவர்களுக்காக எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. அவர்களுக்கு மதிப்பெண் பட்டியலே இல்லை.

வழியில் நின்றவர்களை அள்ளிக்கொள்ள ஆள் காத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘விசுவகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்கள், பதினெட்டு வயது, குடும்ப வழியில் கைமாறும் குரு–சீடர் மரபைப் பேணுதல். பதினெட்டு வயதில் கல்லூரி வாசலில் நிற்க வேண்டியவனை அப்பனின் பட்டறைக்கு அழைக்கும் அழைப்பிதழ் இது. குறைந்த வயதை 35 ஆக்குங்கள், குடும்பத் தொழில் நிபந்தனையை எடுங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. 2024 நவம்பரில் இந்த வடிவில் ஏற்க மாட்டோம் என்று மறுத்தது. மறுத்தது சரி. ஆனால் மறுப்பு முழுமை பெற வேண்டுமானால், அந்தப் பதினெட்டு வயதுப் பையன் நிற்பதற்கு வகுப்பறை ஒன்று இருக்க வேண்டும். பட்டறைக்குப் போகாதே என்று சொல்லும் நாக்கு, பள்ளிக்கு வா என்று சொன்னால் மட்டும் போதாது; பள்ளியைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

தோழர்களே, குலக்கல்வியை விரட்டிய கதையை ஆண்டுதோறும் மேடையில் சொல்லி மாலை வாங்குகிறோம். எழுபதாண்டுப் பழைய வெற்றி அது. அதன் வட்டியை இன்னும் எத்தனை காலம் உண்பது? சிலைக்கு மாலையிடப் போகும் இளைஞர் கூட்டத்தில் ஒரு பாதி, செட்டிகுளம் முதல் நக்கசேலம் வரை, நாட்டார்மங்கலம் முதல் இரூர் வரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்க்கட்டும். காலனியின் கடைசி வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை காலால் நடந்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். வரைபடத்துக் கோட்டை நம்பாதீர்கள், காகம் பறக்கும் வழியில் குழந்தை நடப்பதில்லை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, பள்ளி விடுவது எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். எட்டு முடித்து ஒன்பதில் சேராதவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேளுங்கள். பெண் எத்தனை, ஆண் எத்தனை, எந்தத் தெரு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தாய்மார்களிடம் இந்தத் தாளைக் கொடுங்கள். நாம் பேச வேண்டா, அவர்கள் பேசட்டும்; வெங்காயத்தின் விலையைத் தரகரிடம் வாதாடியவர்களுக்கு வட்டாட்சியரிடம் வாதாடத் தெரியாதா!

மே முதல் நாள் கிராம சபை கூடும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை கல்வியை உரிமையாக்கு; ஆறாம் வகுப்பில் மிதிவண்டி கொடு; பேருந்து நேரத்தைப் பள்ளி மணியோடு பொருத்து; எங்கள் ஊர்ப் பள்ளியை எங்கள் சபையின் இசைவின்றி மூடாதே, இணைக்காதே என்று தீர்மானம் எழுதிக் கொண்டு போங்கள். பதிவேட்டில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள். கையொப்பமிட்ட படியைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.